யார் வெளியே அனுப்புகிறார்கள்? சேர்ந்து பார்க்க ஒரு ரியாலிட்டி ஷோவைத் தேர்ந்தெடுப்பது

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து டிவி பார்ப்போம். அப்பா, மனைவி, நான், எங்களோடு தங்கிப் படிக்கும் அக்கா மகள். அவளுக்கு 11 வயது. போன வருடம் அந்த ஒரு மணி நேரத்தை, ஆட்களை ஒரே வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் ஒரு நிகழ்ச்சிக்குக் கொடுத்தோம். மூன்று மாதத்துக்கும் மேல், தினமும். பாதி சீசன் போயிருக்கும். ஒரு நாள் எதற்கோ அப்பா அவளைக் கண்டித்தார். "இந்த வாரம் நான் தாத்தாவைத்தான் நாமினேட் பண்ணுவேன்" என்றாள். கூடவே காரணமும் சொன்னாள்: "அவர் யார்கூடயும் மிங்கிள் ஆகறதே இல்ல."

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் பேச்சில் சேராமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள், அப்பாவும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் அது மனதைவிட்டுப் போகவில்லை. சக மனிதரை வாராவாரம் எடைபோட்டு, காரணம் சொல்லி வெளியே தள்ளும் பழக்கத்தை நாங்களே அவளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறோம்.

அதனால் இந்த வருடம் யோசித்துத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்து, பல வகை நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாவது பார்த்தேன். பாட்டு, சமையல், வீடு, தீவு, காதல், வியாபாரம் என்று பொருளை வைத்துப் பிரித்தால் தேர்ந்தெடுக்க அது உதவாது. இரண்டு பாட்டுப் போட்டிகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும், ஒரு சமையல் போட்டியும் ஒரு தையல் போட்டியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: ஒருவர் போட்டியைவிட்டு வெளியேறும்போது, அவரை வெளியே அனுப்புவது யார்? மக்களா, கூட இருப்பவர்களா, நடுவரா, அல்லது கடிகாரமும் அவரவர் உடம்புமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், அந்த நிகழ்ச்சியைப் பார்க்கும்போது நாம் என்னவாக மாறுவோம் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

மக்கள் அனுப்பினால்

1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் தொடங்கிய பிக் பிரதர்தான் வீட்டுக்குள் அடைக்கும் நிகழ்ச்சிகளின் மூலம். 2017ல் வந்த தமிழ் பிக் பாஸ் அதன் ஒரு கிளை. இதே நிகழ்ச்சி அமெரிக்காவுக்குப் போனபோது நடந்தது கவனிக்கத்தக்கது. 2000ல் வந்த முதல் சீசனில் அங்கேயும் பார்வையாளர்கள்தான் வாக்களித்தார்கள். சண்டை சச்சரவுக்குக் காரணமானவர்களை முதலிலேயே அனுப்பிவிட்டார்கள். மிஞ்சிய சாதுக்களை வைத்துக்கொண்டு நிகழ்ச்சி இழுத்துக்கொண்டு போனது. அடுத்த சீசனிலிருந்து வெளியே அனுப்பும் அதிகாரம் வீட்டுக்குள் இருப்பவர்கள் கைக்கே போய்விட்டது. பெயர் அதே பிக் பிரதர்தான். நிகழ்ச்சி முற்றிலும் வேறு.

மக்கள் வாக்கு மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். அதே 2000ல் பிரிட்டனின் முதல் சீசனில் வென்ற கிரெய்க் பிலிப்ஸ், பரிசான 70,000 பவுண்டை டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் தோழியின் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்தார். நல்லவர் என்று நினைத்து மக்கள் ஒருவரைத் தூக்கிவிட, அவரும் அப்படியே நடந்துகொண்டார்.

திறமைப் போட்டிகளில்தான் மக்கள் வாக்கு தடுமாறுகிறது. 2004ல் அமெரிக்கன் ஐடலில் ஜெனிஃபர் ஹட்சன் ஏழாம் இடத்தில் வெளியேறினார். மூன்றே வருடத்தில் நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கினார். 2009ல் பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்டில், பிறகு உலகப் புகழ் பெற்ற பாடகி சூசன் பாயில் இரண்டாம் இடம். 2010ல் எக்ஸ் ஃபேக்டரில், அதேபோல் பிறகு புகழ் பெற்ற பாட்டுக் குழு ஒன் டைரக்‌ஷன் மூன்றாம் இடம். அந்த ஒரு இரவில் யார் மேல் பாசம் பொங்குகிறது என்பதை வாக்கு சரியாகச் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

வாக்கை எண்ணுகிறவர்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. பாட்டுக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தென் கொரியாவின் ப்ரொட்யூஸ் 101 தொடரின் 2019 சீசனில், பல இடங்களுக்கு இடையிலான வாக்கு வித்தியாசம் ஒரே எண்ணாகத் திரும்பத் திரும்ப வருவதை ரசிகர்களே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். விசாரணை நடந்தது, தயாரிப்பாளர் சிறைக்குப் போனார். ராத்திரி கண் விழித்து வாக்களித்த பிள்ளைகளுக்கும், ஜெயித்தும் இடத்தை இழந்த இளைஞர்களுக்கும் நடந்தது பெரிய அநியாயம்.

இந்த வகை யாருக்குப் பொருந்தும்? மூன்று மாதம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு. ஒரு வாரம் விட்டால் கதை புரியாது, முடிவை யாராவது சொல்லிவிட்டால் சுவை போய்விடும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, நாமினேஷன் உள்ள வகையைவிடப் பாட்டு, நடன வகை எவ்வளவோ மேல். பாட்டாவது மிஞ்சும்.

கூட இருப்பவர்கள் அனுப்பினால்

சர்வைவர் 2000 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் தாய் 1997ல் ஸ்வீடனில் வந்த எக்ஸ்பெடிஷன் ராபின்சன். முதல் சீசனில் போர்னியோவுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் 16 பேர், 39 நாள், பத்து லட்சம் டாலர். சில நாளைக்கு ஒருமுறை தங்களில் ஒருவரைத் தாங்களே வாக்களித்து வெளியே அனுப்ப வேண்டும். இது வரைக்கும் கொடூரமாகத்தான் தெரியும். ஆனால் இதன் உயிர் கடைசி விதியில் இருக்கிறது: கடைசியில் நிற்பவர்களில் யார் வெற்றியாளர் என்று சொல்வது, அவர்களால் வெளியே அனுப்பப்பட்டவர்கள். முதல் சீசனில் கடைசி இருவருக்கு அப்படி ஏழு பேர் வாக்களிக்க, 4க்கு 3 என்று முடிந்தது. அதாவது, துரோகம் செய்யாமல் கடைசி வரைக்கும் வர முடியாது, துரோகம் செய்யப்பட்டவர்கள் மன்னிக்காமல் ஜெயிக்கவும் முடியாது. இவ்வளவு எளிமையான ஒரு விதிக்குள் இவ்வளவு மனித இயல்பை அடைத்துவைத்த இன்னொரு போட்டி எனக்குத் தெரியாது. பெரியவர்கள் மட்டும் உள்ள வீடாக இருந்தால் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

2021ல் நெதர்லாந்தில் தொடங்கி, அடுத்த வருடம் பிரிட்டனுக்கு வந்த தி டிரெய்ட்டர்ஸ் இதன் தம்பி மாதிரி. ஒரு கோட்டைக்குள் ஒரு கூட்டம். அதில் சிலரை மட்டும் நடத்துநர் ரகசியமாகத் தொட்டுத் துரோகிகளாக நியமிப்பார். எல்லாரும் தினமும் வட்டமேசையில் கூடி, யார் துரோகி என்று வாதாடி ஒருவரை வெளியேற்றுவார்கள். 1986ல் மாஸ்கோவில் ஒரு உளவியல் மாணவர் உருவாக்கிய மாஃபியா விளையாட்டின் விதிகள்தான் கிட்டத்தட்ட.

குடும்பத்துக்கு என்றால் நான் சர்வைவரைவிட இதற்கே ஓட்டுப் போடுவேன். சர்வைவரில் பொய் சொல்வதா வேண்டாமா என்பது ஆடுபவரின் சொந்த முடிவு. இங்கே பொய் என்பது கொடுக்கப்பட்ட வேடம், கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டிவிடுவதைப் போல. இன்னொன்று, துரோகி யார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அதனால் நாம் துப்பறிவதில்லை. நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு, ஒரு ஆதாரமும் இல்லாமல், "அவர் கண்ணைப் பார்த்தாலே தெரியுது" என்று ஒரு அப்பாவியை வெளியே அனுப்புவதைப் பார்க்கிறோம். அக்கா மகள் ஒரு எபிசோடில், "இவங்க ஏன் இவ்வளவு உறுதியா தப்பு பண்றாங்க?" என்று கேட்டாள். 11 வயதில் அந்தக் கேள்வி வந்தால் சந்தோஷம்தான். பிரிட்டனின் முதல் சீசன் 12 எபிசோட். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் பேச்சிலேயே நடக்கும் நிகழ்ச்சி இது. கிசுகிசுப்பு, பாதி வாக்கியம், ஒரு பார்வை. அப்பாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

நடுவர் அனுப்பினால்

இந்த வகையில் நான் முதலில் பார்ப்பது, நடுவருக்கு அந்த வேலை கைவருமா என்பது. வாயால் மட்டும் தீர்ப்பு சொல்பவர் நாளடைவில் திட்டுவதையே தொழிலாக்கிவிடுவார். கையால் செய்து பழகியவருக்குத் தவறு எங்கே நடந்தது என்று தெரியும், அதனால் கோபப்பட வேண்டிய அவசியம் குறைவு.

கேக், ரொட்டி சுடும் போட்டியான தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப் 2010ல் ஒரு கூடாரத்துக்குள் தொடங்கியது. வென்றால் பணம் இல்லை. ஒரு பரிசுத் தட்டும் பூங்கொத்தும்தான். பணம் இல்லை என்பதே அந்த நிகழ்ச்சியின் சுபாவத்தைத் தீர்மானித்துவிட்டது என்று நினைக்கிறேன். தன் கேக் அடுப்பில் இருக்கும்போது பக்கத்து மேசைக்காரருக்குத் தட்டைப் பிடித்துக்கொள்ளப் போவார்கள். மூன்று சுற்றுகளில் நடுச் சுற்றில் எது யாருடையது என்று தெரியாமலேயே நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். 2010ல் வந்த தி வாய்ஸ் பாட்டுப் போட்டியில், பாடுபவரின் முகம் தெரியாமலிருக்க நடுவர் நாற்காலியைத் திருப்பி வைத்ததும் இதே எண்ணத்தில்தான். ஆனால் அங்கே முதல் கட்டத்தோடு அது முடிந்துவிடும், பேக் ஆஃபில் வாராவாரம் உண்டு.

இந்த மென்மையான நிகழ்ச்சியிலும் ஒரு காயம் உண்டு. 2014ல் ஒருவரின் ஐஸ்கிரீம் உருகி, அவர் கோபத்தில் முழுவதையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். நடுவர் முன்னால் வைக்க ஒன்றுமில்லாததால் வெளியேறினார். திரையில் வந்த காட்சி, இன்னொரு போட்டியாளர் அந்த ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்ததால்தான் அது கெட்டது என்று நினைக்க வைத்தது. வயதான பெண்மணி அவர். இணையத்தில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், புகார்கள் குவிந்தன. ஐஸ்கிரீம் வெளியே இருந்தது சுமார் 40 விநாடிதான் என்று நடுவர் பால் ஹாலிவுட்டே பிறகு சொன்னார். கூடாரத்திலேயே இது நடக்குமென்றால், கத்தலுக்காகவே எடுக்கப்படும் நிகழ்ச்சிகளில் எடிட்டிங் என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு வேறு நேரத்தில் பேசிய வார்த்தைகளை வெட்டி ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதற்கு அந்தத் தொழிலில் ஒரு பெயரே இருக்கிறது: ஃபிராங்கன்பைட். பேசுபவரின் முகம் காட்டாமல் குரல் மட்டும் ஓடும் இடங்களில் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும்.

மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவுக்கு இருந்த பிடிப்பு வேறு மாதிரி. 2010 ஜூலையில் அதன் ஃபைனலோடு மோதக் கூடாது என்பதற்காக, அந்த நாட்டின் தேர்தல் விவாதத்தையே முன்கூட்டி நடத்தினார்கள். நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் எபிசோட் எண்ணிக்கை அதிகம், வாரத்தில் பல நாள் வரும். எங்கள் வீட்டுக்கு அது மறுபடியும் மூன்று மாதக் கணக்கு.

கடிகாரமும் உடம்பும் அனுப்பினால்

என் மனசு சாய்வது இந்தப் பக்கம்தான். இங்கே யாரும் யாரையும் அனுப்புவதில்லை.

ஜப்பானின் சாசுகே என்ற தடை தாண்டும் போட்டி 1997லிருந்து நடக்கிறது. வெளிநாடுகளில் நின்ஜா வாரியர் என்ற பெயர். ஒவ்வொரு முறையும் 100 பேர், நான்கு கட்டம், கடைசியில் ஒரு கயிறு. பெரும்பாலான வருடங்களில் யாருமே முடிப்பதில்லை. வெற்றியாளர் இல்லாமலே போட்டி முடிந்துவிடும், அதை யாரும் தோல்வியாக நினைப்பதும் இல்லை. முதன்முதலில் முழுதாக முடித்தவர், 1999ல், நண்டு பிடிக்கும் தொழில் செய்த கசுஹிகோ அகியாமா. இத்தனை வருடத்தில் முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தீயணைப்பு வீரர், பெட்ரோல் பங்க் மேலாளர் என்று சாதாரண வேலை பார்ப்பவர்கள் வருடா வருடம் திரும்ப வந்து, போன முறை விழுந்த அதே இடத்தைத் தாண்டப் பார்ப்பார்கள். ஒருவர் விழுந்தால், அடுத்து ஓட வேண்டியவர் கரையில் நின்று அவருக்காகக் கத்திக்கொண்டிருப்பார். எதிரி அந்தச் சுவர்தான், பக்கத்தில் இருப்பவர் இல்லை.

அலோன் இதற்கு நேர் எதிர் வேகம். 2015ல் தொடங்கியது. பத்து பேரைக் காட்டில் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில் விட்டுவிடுவார்கள். ஆளுக்குப் பத்துப் பொருள். படம்பிடிக்கும் குழுவே கிடையாது, அவரவரே கேமராவை வைத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். போதும் என்றால் செயற்கைக்கோள் தொலைபேசியில் கூப்பிடலாம். உடம்பு ரொம்ப இளைத்துவிட்டால் மருத்துவக் குழு அழைத்துப் போய்விடும். கடைசியில் மிஞ்சுபவருக்குப் பரிசு. ஆனால் இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். முதல் சீசனில் வென்றவர் 56 நாள் தாக்குப்பிடித்தார். ஏழாவது சீசனில் ஒருவர், வட கனடாவின் குளிரில், 100 நாளை முடித்தார். பசியைவிடத் தனிமைதான் பலரை அனுப்புகிறது. மீன் கிடைத்து, குடிசை கட்டி, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் கேமராவைப் பார்த்து, பிள்ளைகள் ஞாபகம் வருகிறது, போகிறேன் என்பார். அதைப் பார்த்து யாரும் அவரைத் தோற்றவர் என்று சொல்லமாட்டோம். மிருகங்களைக் கொல்வதும் தோலுரிப்பதும் வரும் என்பதால் சின்னவளோடு இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். நானும் மனைவியும் மட்டும் பிறகு பார்த்துக்கொள்கிறோம்.

தி அமேசிங் ரேஸ், 2001லிருந்து. இரண்டிரண்டு பேராக உலகம் சுற்றி ஓடுவது, கடைசியாக வந்து சேருபவர் வெளியே. 2003 முதல் 2009 வரை தொடர்ந்து ஏழு வருடம் எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதை வாங்கியது. ஊர்கள் பார்க்க ஆசை இருக்கும் வீட்டுக்கு நல்ல தேர்வு. விமான நிலைய ஓட்டம்தான் எனக்கு அலுப்பு.

அளவுகோல் தீர்மானித்தால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. எடை குறைக்கும் தி பிகஸ்ட் லூசரில் தீர்ப்பின் பெரும்பங்கு தராசின் கையில் இருந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்து 2016ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அதைவிடத் துயரம், அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே நின்றுவிட்டது. அந்தத் தராசுக் காட்சிகளை இனி என்னால் பார்க்க முடியாது.

காதலும் வியாபாரமும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலீட்டாளர் முன்னால் திட்டத்தை வைக்கும் வகை 2001ல் ஜப்பானில் தொடங்கி, டிராகன்ஸ் டென், ஷார்க் டேங்க் என்று பரவியது. ஒவ்வொரு எபிசோடும் தனித்தனி, எதை விட்டாலும் நஷ்டமில்லை. கேமரா முன்னால் கைகுலுக்கிய எல்லா ஒப்பந்தமும் பிறகு நிறைவேறுவதில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

காதல் நிகழ்ச்சிகளையும், போட்டியே இல்லாமல் சேர்ந்து வாழ்வதைக் காட்டும் நிகழ்ச்சிகளையும் நாங்கள் எடுத்தவுடனேயே தள்ளிவிட்டோம். ஜப்பானின் டெரஸ் ஹவுஸ் அமைதியான நிகழ்ச்சி என்று பெயர் வாங்கியது. அதில் வெளியேற்றுவது என்ற ஒன்றே கிடையாது. அப்படியும் 2020ல், அதில் பங்கேற்ற 22 வயது மல்யுத்த வீராங்கனை ஒருவர் இணைய வசைகளுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நின்றது. 2022ல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. பிரிட்டனிலும் இதே போன்ற மரணங்களுக்குப் பிறகு, பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்க வேண்டும் என்ற விதிகள் 2021ல் ஒளிபரப்புச் சட்டதிட்டத்தில் சேர்ந்தன. வேலையோ பொருளோ நடுவில் இல்லாமல், மனிதரின் சுபாவம் மட்டுமே பார்வைக்கு வைக்கப்படும்போது, அடி நேராக அவர்மேல்தான் விழுகிறது.

நாங்கள் எடுத்த முடிவு

இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து விவாதிக்க விரும்பினால் சர்வைவர். கூட்டமாக நண்பர்கள் வருவார்கள் என்றால் தி டிரெய்ட்டர்ஸ். தனியாகப் பார்ப்பவருக்கு அலோன். இவை என் பரிந்துரைகள். தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அப்போதும் என்ன நடக்கிறது என்று புரிந்தால், அங்கே உண்மையாகவே ஏதோ நடக்கிறது. அப்பாவுக்காகத்தான் இதைச் செய்ய ஆரம்பித்தேன். வீட்டு நிகழ்ச்சியில் ஐந்து நிமிடமும் ஆட்கள் சோபாவில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். சாசுகேவில் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது தி கிரேட் பாட்டரி த்ரோ டவுன். 2015ல் தொடங்கிய மண்பாண்டப் போட்டி, பிரிட்டனில் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் ஆன் டிரென்டில் எடுக்கிறார்கள். நடுவர்தான் அனுப்புகிறார், ஆனால் அவருக்கு முன்னாலேயே சூளை பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. நடுவர்களில் ஒருவரான கீத் பிரைமர் ஜோன்ஸ் தானே குயவர். யாராவது அழகாக ஒன்றைச் செய்துவிட்டால் அவருக்குக் கண்ணீர் வந்துவிடும். சக்கரத்தில் மண் எழும்புவதையும் சரிவதையும் பார்க்கக் காது தேவையில்லை.

மூன்றாவது நாள் ஒருவருடைய ஜாடி சூளையில் வெடித்து வந்தது. "யார் தப்பு இது?" என்று சின்னவள் பழைய பழக்கத்தில் கேட்டாள். அப்பா ஃபவுண்டரியில் 30 வருடம் அச்சு வார்த்தவர். திரையை நிறுத்தச் சொல்லி எழுந்து பக்கத்தில் போய், உடைந்த துண்டின் தடிமனைப் பார்த்தார். "உள்ளே ஈரம் இருந்திருக்கு. நல்லா காயறதுக்குள்ள சூட்டுல வச்சுட்டாங்க. எங்க அச்சு மண்ணுலயும் இதேதான் நடக்கும்" என்றார். அவள் அவர் காதருகே போய், சத்தமாக, ஈரம் இருந்தால் ஏன் வெடிக்கும் என்று கேட்டாள். அன்று மீதி எபிசோடை நாங்கள் பார்க்கவில்லை.